மாப்பிள்ளைக்கு எப்போதும் பதினேழு டிகிரி

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டுக் கூடத்தில், புத்தக அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே, கண்ணாடித் தொட்டியில் எழுந்தருளியிருக்கும் மாண்புமிகு மாப்பிள்ளை அவர்கள் இன்று காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு ஒரு கொட்டாவி விட்டார்கள். வாய் திறந்த அளவு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். கூட்டம் அலைமோதியது. கூட்டம் என்பது நான் ஒருவன்தான். ஆனாலும் அலைமோதினேன்.

பக்கத்து வீட்டுக்காரர் இன்னமும் “உங்க வீட்டுத் தண்ணிப் பல்லி எப்படிப்பா இருக்கு” என்றுதான் கேட்கிறார். ஆக்சலோட்டல் என்று பத்து தடவை சொல்லிக் கொடுத்துவிட்டேன். பதினோராவது தடவை “ஆக்சிலேட்டரா?” என்கிறார். கழுத்துக்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்று இறகு வைத்துக்கொண்டு, வேலை வெட்டி இல்லாமல், சிரித்தபடியே சாப்பாட்டுக்குக் காத்திருக்கிற ஜீவனுக்கு நீ வைத்த பெயர்தான் சரி. அது மாப்பிள்ளையேதான்.

ஏன் போன் பண்ணாமல் கடிதம் என்று நீ கேட்பாய். என் போன் அப்பாவின் பீரோவில் சிறை வைக்கப்பட்டிருக்கிறது. அவர் போனில் ‘அம்மா’ என்ற இடத்தில் மேனேஜர் நம்பரையும், ‘மேனேஜர்’ என்ற இடத்தில் அம்மா நம்பரையும் மாற்றி வைத்தது ஒரு சின்ன அறிவியல் சோதனை. அப்பா “சாப்டியாடி?” என்று அனுப்பினார். “சாப்பிட்டாயிற்று. நாளை காலை என் அறைக்கு வரவும்” என்று பதில் வந்தது. பரீட்சை முடியும்வரை எந்தப் போனையும் தொடக் கூடாது என்று தீர்ப்பு.

மாமா இன்னும் முன்னறையில்தான். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னார், ரெண்டே வாரம் என்று பெட்டியோடு வந்தவர், மூன்று மாதமாக வீடு தேடுகிறார். நம் வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டே தேடுகிறார். பகலில் பட்டறையில் ஃபிரிட்ஜ் ரிப்பேர், ஞாயிற்றுக்கிழமை ஏரியில் தூண்டில். மாப்பிள்ளையைத் தாண்டிப் போகும்போதெல்லாம், “இது மீனா பல்லியா, ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணச் சொல்லுடா” என்பார்.

கடைசியாக, முக்கியமில்லாத ஒரு செய்தி. பள்ளி அறிவியல் கண்காட்சியில் எனக்கு முதல் பரிசு. ஆறு பள்ளிக்கூடங்களுக்கு நடுவே. என்ன வைத்தாய் என்று கேட்காதே, ராணுவ ரகசியம்.

நீ கேட்டபடி ஜனவரி மாதத்துத் தொட்டித் தண்ணீரின் வெப்பநிலைப் பட்டியல் இத்துடன் இருக்கிறது. தினமும் காலை ஒன்று, மாலை ஒன்று. ஒரு நாள் விடவில்லை.

இப்படிக்கு,
முதல் பரிசு பெற்ற உன் ஒரே தம்பி

•

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை லேபில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். ‘சாப்டியாடி’ வந்த இடத்தில் எனக்குப் புரை ஏறிவிட்டது. பக்கத்தில் இருந்த சீனியர் அக்கா முதுகில் தட்டினாள். பாவம் அப்பா.

முதல் பரிசுக்கு வாழ்த்து. என்னவென்று சொல்லாமல் மறைப்பது உன் சுபாவமே இல்லையே. இரண்டு மதிப்பெண் கூட வந்தாலே தெரு முழுக்கத் தண்டோரா போடுகிறவன் நீ.

ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் ஒன்று சொன்னாள். போன மாதக் கடைசியில் மாப்பிள்ளை மூன்று நாள் எதுவுமே சாப்பிடவில்லையாம், அசையக்கூட இல்லையாம். “நான் உருண்டைத் தீனிய மூஞ்சிகிட்டயே போட்டேன், திரும்பிக்கூடப் பாக்கலடி, உன்ன மாதிரியே வீம்பு” என்றாள். நீ இதை எழுதவே இல்லையே. சாப்பிடாமல் இருப்பது அதற்கு முதல் அறிகுறி என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்துவிட்டு வந்தேன். தண்ணீர் சூடானாலும் அப்படி இருக்கும், கெட்டுப்போனாலும் அப்படி இருக்கும், உடம்பில் பூச்சி வந்தாலும் அப்படித்தான்.

பட்டியல் கிடைத்தது. மிக அழகாக இருக்கிறது. கொஞ்சம் அதிகமாகவே அழகாக இருக்கிறது.

என் விடுதிக்குப் பக்கத்தில் பறவை, ஆமை எல்லாம் பார்க்கிற ஒரு டாக்டரம்மா இருக்கிறார். மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். “உங்க வீட்டுல சிரமமா இருந்தா இங்க கொண்டுவந்து விடும்மா, நான் வச்சுக்கிறேன்” என்றார். வேண்டாம், என் தம்பி பார்த்துக்கொள்வான் என்று சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல்லைக் காப்பாற்று. நாலு வருடம் கையால் ஊட்டி வளர்த்ததை உன்னை நம்பித்தான் விட்டுவிட்டு வந்தேன்.

செவுள் இறகுகளைப் பார்த்து எழுது. முன்பக்கம் சுருண்டிருக்கிறதா, நுனி தேய்ந்திருக்கிறதா?

அன்புடன்,
அக்கா

•

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தில் ஜோக் குறைவு. மன்னித்துக்கொள்.

மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. செவுள் சுருண்டிருக்கிறது. இடது பக்கத்து நடு இறகில் நுனியே இல்லை. அம்மா எனக்குத் தினமும் “செவுளு பிஞ்சிடும்” என்று சொல்லி வந்தது தவறுதலாக இதன் பக்கம் பலித்துவிட்டது போல. தரையிலும் கல்லிலும் உடம்பைத் தேய்க்கிறது. பின்னங்கால் பக்கத்தில் வெள்ளையாக ஒரு நூல் தொங்குகிறது. முதலில் துணி நூல் என்று நினைத்தேன். சுண்டினால் போகவில்லை. நேற்று முதுகுப் பக்கம் இன்னொன்று. முனையில் இரண்டாகப் பிரிந்து கவட்டை மாதிரி இருக்கிறது.

மாட்டாஸ்பத்திரிக்கு வாளியோடு போனேன். இங்கே இருப்பது அது ஒன்றுதான். எனக்கு முன்னால் ஒரு எருமை, பின்னால் ஒரு ஆடு. டாக்டர் வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இதுக்குக் கொம்பு ஏன் பின்னால முளைச்சிருக்கு?” என்று கேட்டார். பிறகு நல்ல மனுஷனாக, “நான் படிச்ச புத்தகத்துல இது இல்லப்பா. தப்பா ஊசி போட்டு உன் பாவத்த ஏன் கொட்டிக்கணும்” என்று அனுப்பிவிட்டார்.

அதனால் தானாக விழுந்த ஒரு நூலை உப்புத் தண்ணீரில் போட்டு, கண் மருந்து பாட்டிலில் அடைத்து, இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உன் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல். தபால் நிலையத்தில் “உள்ள என்ன?” என்று கேட்டார்கள். “சாட்சி” என்றேன்.

ஆமாம் அக்கா, எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தானாக வரக்கூடியதா இது? தொட்டிப் பக்கம் யார் யார் போகிறார்கள் என்று கணக்கெடுக்கிறேன். அம்மா, கண்ணாடி துடைக்கிற துணியில் சோப்பு இருந்ததா, விசாரணையில் இருக்கிறது. புழு விற்கிற மீன் கடைக்காரர், போன வாரம் என் கண்ணைப் பார்க்காமல் பொட்டலம் கட்டினார். அப்பா தொட்டியைக் கடக்கும்போது பெருமூச்சு விடுகிறார். மாமா விசில் அடிக்கிறார். நான் யாரையும் விடுவதாக இல்லை.

இப்படிக்கு,
துப்பறியும் தம்பி

•

பிப்ரவரி 20

அன்புத் தம்பிக்கு,

பாட்டில் உடையாமல் வந்தது. ஸ்லைடில் வைத்துப் பார்த்தேன், டாக்டரம்மாவிடமும் காட்டினேன். இது நங்கூரப் புழு. தலைப்பக்கம் நங்கூரம் மாதிரி கிளை விட்டிருக்கும். அதைச் சதைக்குள் இறக்கிப் பிடித்துக்கொண்டு, வாலை மட்டும் வெளியே விட்டிருக்கும். கவட்டை மாதிரி நீ பார்த்தது அதன் முட்டைப் பைகள். அப்படியே விட்டால் நூறு நூறாகப் பெருகும்.

கவனமாகக் கேள். தொட்டியிலிருந்து எடுத்துத் தனி டப்பாவில் வை. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வைத்திருந்து, நான் விட்டுவந்த, குளோரின் போக்கும் மருந்துச் சொட்டும் போட்ட பிறகுதான் ஊற்ற வேண்டும். தினமும் முழுத் தண்ணீரையும் மாற்று. ஈரத் துணியில் அதைப் பொதிந்து, ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மெல்லிய இடுக்கியால் புழுவின் அடியைப் பற்றி நிதானமாக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் தலை உள்ளேயே தங்கிப் புண்ணாகும். பிறகு உப்புக் குளியல், அயோடின் சேர்க்காத உப்பு, லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன், பத்து நிமிடம். பதினோராவது நிமிடம் என்று ஒன்று கிடையாது. மீன் கடையில் கொடுக்கிற பூச்சி மருந்து எதையும் ஊற்றாதே. மீன் தாங்கும், இதன் தோல் தாங்காது. பழைய தொட்டியைக் கொட்டிக் கழுவிக் காயப்போடு.

இப்போது மற்ற விஷயம். நங்கூரப் புழு ஆகாயத்திலிருந்து வராது. சோப்பிலிருந்து வராது, பெருமூச்சிலிருந்தும் வராது. மீனோடு வரும், இல்லையென்றால் மீன் இருந்த தண்ணீரோடு வரும். நம் தொட்டியில் நாலு வருடமாக மீனே கிடையாது. நாம் கொடுப்பது மண்புழுவும் உருண்டைத் தீனியும்தான்.

அப்படியானால் மீன் தண்ணீர் உள்ளே எப்படிப் போனது? யாரோ ஊற்றியிருக்க வேண்டும், அல்லது ஏதோ ஒன்று உள்ளே போயிருக்க வேண்டும். உனக்குத் தெரிந்ததை எழுது. எனக்கு இங்கே தூக்கமே வரவில்லை.

அன்புடன்,
அக்கா

•

பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

அறுவை சிகிச்சை வெற்றி. தலைமை மருத்துவர் நான். சமையலறை மேடைதான் ஆபரேஷன் தியேட்டர். உதவியாளர் ஒருவர் டார்ச் பிடித்தார். கை நடுங்கவில்லை, கண் சிமிட்டவில்லை. முதுகுப் புழு முழுசாக வந்தது, தலை நங்கூரத்தோடு. கால் புழுவுக்கு மூன்று நிமிடம் பிடித்தது. தேன் குழலில் சிக்கிய எறும்பை எடுப்பது மாதிரி நிதானமாக எடுத்தேன். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றாள். உப்புக் குளியல் சரியாகப் பத்து நிமிடம். என்னை நீ டாக்டருக்குப் படிக்க வைக்கலாம், நாட்டுக்கு நல்லது.

இனி வழக்கு. நீ எழுதிய வரியைப் படித்ததும் என் மூளையில் மணி அடித்தது. மீன் இருந்த தண்ணீர். நம் வீட்டில் மீனோடு சம்பந்தமுள்ளவர் எத்தனை பேர்? நான் பெயர் சொல்ல மாட்டேன். தாய்வழி உறவு, கையில் ஸ்பேனர், ஞாயிற்றுக்கிழமை தூண்டில். தூண்டிலுக்குச் சின்ன மீன் போட்டு வைக்கிற நீல வாளியைப் பின்கட்டுக் குழாயில்தான் கழுவுகிறார். மாப்பிள்ளையின் தண்ணீர் எடுக்கிற பிளாஸ்டிக் மக்கும் அங்கேதான் தொங்குகிறது. இதற்குமேல் நான் சொன்னால் புறணி ஆகிவிடும்.

வேண்டுமென்றே செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். ஆனால் ஒன்று. மாப்பிள்ளைமேல் ஒரு நங்கூரப் புழு, நம் வீட்டு முன்னறையில் ஒரு நங்கூரம். இரண்டும் பிடித்த பிடியை விடவில்லை.

இப்படிக்கு,
டாக்டர் தம்பி

•

பிப்ரவரி 28

தம்பிக்கு,

இரண்டு புழுவும் முழுசாக வந்தது பெரிய ஆறுதல். புண் இருந்த இடத்தில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதாவது வந்தால் அது பூஞ்சை. அப்போது குளிர்ச்சிதான் வைத்தியம் என்கிறார் டாக்டரம்மா. டப்பாவோடு ஃபிரிட்ஜில், ஏழு டிகிரி பக்கம், சில வாரம் வைக்க வேண்டும். ஒரே நாளில் இறக்காமல் மெல்ல மெல்ல இறக்க வேண்டும். அம்மாவைக் கேட்டுப் பார். அவள் பால் வைக்கிற தட்டில் மாப்பிள்ளையை விடுவாளா என்று எனக்குச் சந்தேகம்தான்.

மாமா விஷயம் என் மனதை அறுக்கிறது. போன வருடம் அவர் வந்திருந்தபோது, “பேசாம ஏரில விட்டுருவோம், அதுவும் நாலு பேரோட பழகட்டும்” என்றார். சிரிப்புக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

போனில் கேட்டால் நான் கத்திவிடுவேன், அம்மாவுக்கும் வருத்தம். அதனால் எழுதியிருக்கிறேன். உள்ளே நாலாக மடித்த ஒரு தாள் இருக்கிறது. மாமாவிடம் கொடு. நீ படிக்காதே. நீ சொன்னது சரிதான் என்று உனக்கு உறுதியாகத் தோன்றினால் மட்டும் கொடு. துளி சந்தேகம் இருந்தாலும் கிழித்துப் போட்டுவிடு.

அக்கா

•

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

தாளைக் கொடுத்தேன்.

மாமா சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே. அப்படியே நின்று படித்தார். ஒரு பக்கம்தான் இருந்தது, ரொம்ப நேரம் படித்தார். மடித்தார், சட்டைப் பையில் வைத்தார், மற்றக் கையை உள்ளே விட்டார்.

“நீ படிச்சியா?”

“இல்ல மாமா.”

“சரி.”

சாயங்காலம் நான் பள்ளியிலிருந்து வந்தபோது சோபாவில் போர்வை மடித்து வைத்திருந்தது. பெட்டி இல்லை. பட்டறையிலேயே படுத்துக்கொள்கிறாராம். அம்மா காரணம் கேட்டதற்கு, “வேல ஜாஸ்தி அக்கா” என்றாராம். அம்மா நம்பவில்லை. என்னைப் பார்த்து, “நீ ஏதாவது வம்பு பண்ணியா?” என்றாள். என்ன நடந்தாலும் இந்த வீட்டில் முதல் சந்தேகம் என்மேல்தான். நான் பழகிவிட்டேன்.

நீ பயந்தது வந்துவிட்டது. கால் புண்ணில் பஞ்சு. மறுநாள் செவுளிலும். டப்பாவின் மூலையில் தலையை வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கிறது. புழுவைக் காட்டினால் திரும்பவில்லை. சிரிப்பு மட்டும் மாறவில்லை. அதற்கு வாய் அமைப்பே அப்படி என்று நீ சொல்லியிருக்கிறாய், தெரியும். ஆனாலும் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது.

ஃபிரிட்ஜ் கேட்டேன். அம்மா மாட்டேன் என்று சொல்லவில்லை. “அது உள்ள போனா நான் வெளிய போறேன்” என்றாள்.

நேற்று மதியம் ஒரு சரக்கு ஆட்டோ வந்து நின்றது. ஒரு சின்ன ஃபிரிட்ஜ், இடுப்பளவு உயரம், பழசு, பக்கவாட்டில் பெயின்ட் உரிந்தது. டிரைவர் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். உள்ளே தட்டுகள் எல்லாம் கழற்றி, டப்பா ஆடாமல் உட்கார ரப்பர் ஒட்டியிருந்தது. குளிரைக் கூட்டிக் குறைக்கிற திருகின்மேல் வெள்ளை ஒட்டுத்தாள், பால்பாயின்ட் பேனாவில் பெரிய எழுத்து: ‘முதல் நாள் 15. அப்புறம் தினம் 2 குறை. 7 வந்ததும் தொடாதே.’

யார் அனுப்பியது என்று கையெழுத்தே சொல்கிறது. ஏழு டிகிரி விஷயத்தை அம்மா போனில் சொல்லியிருப்பாள். குற்றவாளி மனம் திருந்திவிட்டார் போல.

இப்போது மாப்பிள்ளை உள்ளே இருக்கிறார். கதவைத் திறந்து பார்க்கிறேன், மூடுகிறேன். அடிக்கடி திறக்காதே என்று அம்மா திட்டுகிறாள்.

தம்பி

•

மார்ச் 11

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிறகு ஜனவரிப் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

எங்கள் லேபில் புதிதாகச் சேர்ந்தவர்கள் சில நாள் சோதனையைச் செய்யாமலே எண்ணை எழுதிவிடுவார்கள். சீனியர் அக்கா பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவாள். உண்மையான எண் அலையும், ஒரு நாள் எகிறும், ஒரு நாள் கோணலாக நிற்கும். உட்கார்ந்து எழுதிய எண் பள்ளிச் சீருடை போட்ட மாதிரி வரிசையில் நிற்கும். உன் மாப்பிள்ளைக்கு ஜனவரி முழுவதும் பதினேழு, பதினெட்டு, பதினேழு, பதினெட்டு. ஒரே பேனா, ஒரே சாய்வு.

அது சோம்பேறித்தனம், மன்னித்திருப்பேன். ஆனால் ஜனவரி 28. அன்று காலையிலிருந்து சாயங்காலம்வரை தெருவில் கரண்ட் இல்லை, பால் திரிந்துவிட்டது என்று அம்மா அன்றைக்கே போனில் புலம்பினாள். தொட்டிமேல் மாட்டிய விசிறி ஓடியிருக்காது. நீ எழுதியிருப்பது பதினேழு. அம்மா சொன்ன மூன்று நாளும் அதேதான், 27, 28, 29. மாப்பிள்ளை அசையாமல், சாப்பிடாமல் இருந்த நாட்கள்.

ரத்தப் பரிசோதனைக்கு வந்த இடத்தில் ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்தவன் நீ. கை நடுங்காமல் புழு எடுத்தேன் என்று எழுதியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஒரே ஒரு கேள்வி. உன் முதல் பரிசுச் சான்றிதழில் என்ன தேதி போட்டிருக்கிறது?

அந்தத் தாளில் மாமாவுக்கு நான் எழுதியது சின்ன வார்த்தைகள் இல்லை. அவர் என்னைத் தோளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர். நான் எழுதியது பொய்யென்றால், அதை அம்மா வாயிலிருந்தோ அப்பா வாயிலிருந்தோ நான் கேட்கக் கூடாது. உன்னிடமிருந்துதான் வர வேண்டும்.

அக்கா

•

மார்ச் 17

அக்கா,

ஜனவரி 29. சான்றிதழில் உள்ள தேதி அதுதான். கண்காட்சி 27, 28, 29.

நான் வைத்தது மாப்பிள்ளையை.

உன்னைக் கேட்டால் விடமாட்டாய் என்று கேட்கவில்லை. விலங்கியல் சார், “தனி வாளியில வைப்பா, குளிர்ச்சியா இருக்கட்டும்” என்றுதான் சொன்னார். வாளியில் வைத்தால் யார் பார்ப்பார்கள்? பள்ளிக்கூடத்து முகப்பில் தங்க மீன் விடுகிற பெரிய கண்ணாடித் தொட்டி இருக்கிறது, விளக்கெல்லாம் போட்டு. அதில் விட்டேன். ‘நீருலக மன்னர்’ என்று பலகை எழுதி வைத்தேன். மன்னரைச் சுற்றி ஏழு தங்க மீன். அவை மன்னரின் இறகைக் கடித்துக்கொண்டே இருந்தன. நுனி போனது அப்படித்தான். இரண்டாம் நாள் ஏழு ஆறானது, அது வேறு கதை. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது.

வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாதே. பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறை ஒன்று இருக்கிறதல்லவா, ரோஸ் நிறம், மாப்பிள்ளையின் நிறமேதான். அதற்குள் கூழாங்கல் போட்டு, விரல்கள் மேலே நிற்கிற மாதிரி தொட்டியில் இறக்கினேன். துணி போட்டுப் பாதி மூடினேன். அம்மா மூன்று நாள் தீனி போட்டது அந்தக் கையுறைக்கு. “வீம்பு” என்று உன்னோடு ஒப்பிட்டதும் அந்தக் கையுறையைத்தான். ஜனவரியில் இதை உன்னிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று துடித்தேன். இப்போது எழுதும்போது சிரிப்பு வரவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே பள்ளி விட்டதும் பட்டறைக்குப் போனேன். மாமா ஒரு ஃபிரிட்ஜின் முதுகைக் கழற்றிக்கொண்டிருந்தார். மூலையில் பெட்டி, அதன்மேல் சுருட்டிய பாய். என்னைப் பார்த்ததும், “எப்படிடா இருக்கு மாப்பிள்ள? ஏழு நிக்குதா?” என்றார். முதல் கேள்வியே அது.

நான் சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே, “தெரியும்டா” என்றார்.

“எப்படித் தெரியும்?”

“இருபத்தொம்போதாந் தேதி உங்க ஸ்கூல் வாட்டர் கூலர் ஓடலன்னு கூப்பிட்டாங்க. வந்தேன். வாசல்லயே நம்ம ஆளு சிரிச்சிக்கிட்டு நிக்கிறாரு. கைய விட்டுப் பாத்தேன், தண்ணி வெதுவெதுன்னு இருந்துச்சு. ஒரு பையில ஐஸக் கட்டி மிதக்க விட்டுட்டு வந்தேன்.”

மூன்றாம் நாள் தொட்டியில் ஐஸ் பை மிதந்தது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. விலங்கியல் சார் போட்டார் என்று நினைத்தேன்.

“அப்பவே ஏன் மாமா சொல்லல?”

“நீ மேடையில நின்னு சான்றிதழ் வாங்கிட்டிருந்த. சந்தோஷமா இருந்த. வீட்டுக்கு வந்து நீயே சொல்லுவன்னு பாத்தேன்.”

“அக்கா லெட்டர் கொடுத்தப்பவாவது...”

அவர் ஸ்க்ரூவை ஒரு மூடியில் போட்டார். “அப்பவும் அதான் பாத்தேன்.”

நீ எழுதிய தாள் இன்னும் அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது. எண்ணெய்க் கறை படிந்துவிட்டது. அதில் ஒரு வரியை மட்டும் சொன்னார். ‘உங்களுக்குப் பிடிக்காதது வீட்டில் இருந்தால் ஒழித்துக்கட்டுவதுதான் வழக்கமா மாமா?’ அதைச் சொல்லிவிட்டு என்னிடம், “பிடிக்காதுன்னு யாருடா சொன்னது? தொட்டி மேல விசிறி மாட்டிக் கொடுத்தது யாரு?” என்று கேட்டார். அதை நான் மாட்டினேன் என்று நவம்பரில் உனக்கு எழுதியிருந்தேன். அதையும் அடித்துவிடு.

ஆபரேஷன். இடுக்கியைக் கையில் எடுத்ததும் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஃபிரிட்ஜ் குழாய்க்குள் சிக்கியதை எடுக்கிற மெல்லிய இடுக்கியை மாமாதான் கொண்டுவந்தார், கொதி நீரில் போட்டுத் துடைத்தார், இரண்டு புழுவையும் அவர்தான் எடுத்தார். டார்ச் பிடித்த உதவியாளர் நான். அதுவும் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தேன். “வெளிச்சத்த இந்தப் பக்கம் காட்டுடா, சுவருக்கு என்ன நோய்?” என்று திட்டு வாங்கினேன். அன்று ராத்திரியே உட்கார்ந்துதான் உனக்கு நீல வாளியைப் பற்றி எழுதினேன். அந்த வாளி மாடியில் காய்கிறது, அதில் தண்ணீர் பட்டே இரண்டு மாதம். ஏரி வற்றியதிலிருந்து மாமா தூண்டிலுக்கே போகவில்லை, ஞாயிற்றுக்கிழமை தூண்டில் என்று நான் எழுதியது பழைய கதை.

உன் தாளை நான் படித்தேன். பசையை ஆவியில் காட்டி எடுக்கத் தேவையே இல்லை, நீ ஒட்டியிருக்கவில்லை. நம்பி மடித்து வைத்திருந்தாய். துளி சந்தேகம் இருந்தாலும் கிழித்துவிடு என்று எழுதியிருந்தாய். எனக்குச் சந்தேகமே இல்லை அக்கா. யார் செய்தது என்று எனக்கு மட்டும்தான் நன்றாகத் தெரியும். தெரிந்தே கொடுத்தேன். இந்த வரியை எழுத மூன்று தாள் வீணானது.

அம்மா அப்பாவிடம் நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். அப்பா சாப்பாட்டை நிறுத்திவிட்டு எழுந்து போனார். அம்மா தட்டுகளை எடுத்துக் கழுவப் போட்டாள். பிறகு, “மூணு நாள் ஒரு கையுறைக்கா சோறு போட்டேன்” என்று மட்டும் கேட்டாள். விலங்கியல் சாரிடமும் சொன்னேன். பள்ளித் தொட்டி மீன் எல்லாவற்றிலும் நூல் தொங்குகிறது. சான்றிதழை வாங்கிக்கொள்ள மறுத்தார், தொட்டியைக் கழுவச் சொன்னார். சான்றிதழை இத்துடன் உனக்கு அனுப்புகிறேன். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது, எதற்காவது உதவும்.

மாமாவை வீட்டுக்குக் கூப்பிட்டேன். “வரேன்டா. உங்க அக்காவ ஒரு லெட்டர் போடச் சொல்லு. போன தடவ மாதிரி ஒரே பக்கமா இல்லாம” என்றார். போடு அக்கா. ஒட்டி அனுப்பு. இந்தத் தடவை திறக்க மாட்டேன்.

மாப்பிள்ளையை அந்த டாக்டரம்மாவிடம் கொடுப்பதாக நீ முடிவு செய்தால் நான் தடுக்கமாட்டேன். டப்பாவில் எப்படிக் கட்டுவது என்று மாமா சொல்லித் தருவார். ஆனால் கால் புண்ணில் பஞ்சு உதிர்ந்துவிட்டது. நடு இறகில் ஒரு குச்சி நுனி அளவுக்குச் சிவப்பாக முளை தெரிகிறது. நேற்று ஒரு மண்புழுவில் பாதி சாப்பிட்டது. மீதிப் பாதியை என் முகத்தைப் பார்த்துத் துப்பியது.

இந்த வாரப் பட்டியல், பார்த்துப் பார்த்து எழுதியது:

திங்கள் காலை 7, மாலை 9 (கதவைச் சரியாகச் சாத்தவில்லை, நான்தான்). செவ்வாய் 6, 7. புதன் காலை பார்க்கவில்லை, தூங்கிவிட்டேன். மாலை 8. வியாழன் 7, 11 (பயந்துபோய் மாமாவிடம் ஓடினேன், பிளக் கழன்றிருந்தது). வெள்ளி 8, 7.

பதினேழு ஒரு நாளும் இல்லை.

தம்பி

பின்குறிப்பு: பிப்ரவரி 3 காலை ஏழு பத்துக்கு மாப்பிள்ளை கொட்டாவி விட்டதாக அறிவித்திருந்தேன். ஏழு பத்துக்கு நான் எழுந்ததே கிடையாது என்பது உனக்கே தெரியும்.